அஞ்சாவது கிக்

அஞ்சு மணி ஸ்லாட்டா? போன்ல நல்லாப் பாத்தியா? இப்ப மணி நாலேகால்தான் ஆவுது. உன் ஆளுங்க ஒருத்தனும் வரல, நீ மட்டும் பேக மாட்டிக்கினு முன்னாடியே வந்து நிக்கற. சரி, அந்த ஃபேனுக்குக் கீழ உக்காரு. ஓனரு வர்றவங்க எல்லாரையும் சார்னு கூப்புடணும்னு சொல்லி வச்சிருக்கான். நான் கூப்புட மாட்டேன். தம்பின்னுதான் கூப்புடுவேன். புடிச்சா இரு, புடிக்கலன்னா மாதவரத்துல இன்னும் ஏழெட்டு டர்ஃப் இருக்கு, அங்க போய் சார் பட்டம் வாங்கிக்கோ.

கோச்சுக்காத. என் வாய் அப்படி. மொட்ட மாடில பச்சப் பாய விரிச்சு, சுத்தி வலையக் கட்டி, இதுக்குப் பேரு கிரவுண்டுன்றான். ஐ.டி. பசங்க வர்றானுங்க. கால்ல பத்தாயிரம் ரூபா ஷூ. பந்து காலுகிட்ட வந்தா இவனுங்க ஒரு பக்கம் போறானுங்க, பந்து ஒரு பக்கம் போவுது. ஒரு மணி நேரத்துல இருவது நிமிஷம் செல்ஃபி. உன்னச் சொல்லல. நீ எப்படி ஆடுவேன்னு அஞ்சு மணிக்குத் தெரிஞ்சிடப் போவுது.

இன்னா பாக்கற, அந்த போட்டோவா? நடுவுல கைல பட்டையக் கட்டிக்கினு நிக்கறான் பாரு, அது நாந்தான். எபிநேசர். எண்ணூர் எஃப்.சி. கேப்டன். நம்ப முடியலியா? அப்ப இந்தத் தொப்ப கெடையாது, தலையில முடி இருந்துச்சு. ஓனரு வெளம்பரத்துக்காக மாட்டி வச்சிருக்கான். என்னை வேலைக்கு வச்சதும் வெளம்பரத்துக்குத்தான்.

ம்? இன்னா கேட்ட? பிளே ஆஃப்ல தோத்த டீமா?

பாத்தியா. உனக்கும் அது ஒன்னுதான் தெரியுது. அந்த சீசன்ல பதினாலு மேட்ச் ஜெயிச்சோம், அது ஒரு நாய்க்கும் தெரியாது. அஸ்ஸாம் போய் மழையில, முட்டி வரைக்கும் சேத்துல நின்னு ஜெயிச்சோம், அதுவும் தெரியாது. தோத்த ஒரு மேட்ச்ச மட்டும் பொறந்த கொழந்தகூட கரெக்டா சொல்லும். இந்த ஊரே அப்படித்தான்.

உக்காரு, சொல்றேன். ஆனா ஒன்னு. நடுவுல யூடியூப்ல பாத்தேன், அங்க படிச்சேன்னு எதுனா எடுத்து உட்டேன்னு வையி, எழுந்து போயிடுவேன். நீ பாத்தது வீடியோ. நான் உள்ள நின்னவன்.

பத்து வருஷம் ஆச்சு. எனக்கு அப்ப முப்பத்தி நாலு. கீழ் லீக்ல நாங்க ரெண்டாவது எடம். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் ஒரே ஒரு மேட்ச்சு, அதான் பிளே ஆஃப். ஜெயிச்சா பெரிய லீகு, எல்லாருக்கும் மூணு வருஷ காண்ட்ராக்ட். தோத்தா கிளப்ப இழுத்து மூடிடுவேன்னு எங்க ஓனரு நேராவே சொல்லிட்டான். நெலம் வித்து நெலம் வாங்கற ஆளு அவன். பந்து ரவுண்டா இருக்கும்ன்ற வரைக்கும் அவனுக்கு ஃபுட்பால் தெரியும், அதுக்கு மேல தெரியாது. அந்த மாதிரி ஆளுகிட்ட இருபத்தி மூணு குடும்பத்துச் சோறு மாட்டிக்கினு இருந்துச்சு.

இதுல டில்லிபாபுன்னு ஒருத்தன். போட்டோல வலது பக்கம் கடைசில, ஒல்லியா, பள்ளிக்கூடத்துல ஃபீஸ் கட்டாதவன் மாதிரி ஒதுங்கி நிக்கறான் பாரு, அவன்தான். லெஃப்ட் பேக். வியாசர்பாடில என் தெருவுக்குப் பின் தெரு. எடது காலு அவனுக்கு, சும்மா சொல்லக் கூடாது, பந்த இங்க போடுன்னா இங்கதான் போடுவான். ஆனா வாய் கெடையாது, கெத்து கெடையாது. அடிச்சாக்கூட 'பரவால்லண்ணா'ன்னுவான். அந்த மாதிரி ஆளப் பாத்தாலே எனக்கு ஆவாது.

அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரு சென்ட்ரல் கவர்மெண்ட் வேலை இருந்துச்சு. எந்த ஆபீஸ்னு எதுக்கு இப்ப. காலைல கையெழுத்துப் போட்டுட்டு மத்தியானம் கிரவுண்டுக்கு வந்துடலாம். வருஷத்துக்கு நாலு டோர்னமெண்ட், ரிட்டையர் ஆவுற வரைக்கும் சம்பளம். நாந்தான் அவன அங்கிருந்து இட்டாந்தேன். நேரா ஊட்டுக்கே போனேன். 'ஃபைல் தூக்கறதுக்காடா உனக்கு ஆண்டவன் அந்தக் காலக் குடுத்தான்? இன்னிக்கு எண்ணூரு, அடுத்த வருஷம் பெரிய லீகு, டிவில வருவடா'ன்னேன். அவன் தலையச் சொறிஞ்சுக்கினு நின்னான். அவன் பொண்டாட்டி சுகுணா, அப்ப அஞ்சு மாசம், டீ கொண்டாந்து வச்சுட்டு என்னைப் பாத்துக் கேட்டுச்சு. 'அண்ணா, டீம் ஓடலன்னா இன்னா பண்றது?'

'நான் இருக்கேன்ல'ன்னேன். கேப்டன் சொன்னா அதான் காண்ட்ராக்ட். அடுத்த வாரமே பையன் ராஜினாமா குடுத்துட்டான். நான் ஒன்னும் அவன் கையப் புடிச்சுக் கையெழுத்துப் போட வைக்கல, அது அவன் முடிவு. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் நீ கேப்ப.

கோச்சு ஒரு மலையாளி. வர்கீஸ் சார். எப்பப் பாரு கைல ஒரு நோட்டு. சாப்புடறப்பவும் நோட்டு. யாரு எத்தினி கிலோமீட்டர் ஓடினான், எத்தினி வாட்டி தண்ணி குடிச்சான், எல்லாம் எழுதுவாரு. நோட்டு எழுதினா கோல் உழுமா? நான் பதினாறு வருஷம் ஆடினேன், ஒரு நோட்டு வாங்கினது கெடையாது. பெனால்டி முப்பத்தாறு அடிச்சிருக்கேன், கிளப்புக்கு, ஸ்டேட்டுக்கு எல்லாம் சேத்து. முப்பத்தாறும் கோல். எந்தக் கீப்பர்கிட்ட வேணா கேட்டுப் பாரு.

மேட்ச்சுக்கு மொத நாள் சாயங்காலம் பிராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிட்டானுங்க. நான் மட்டும் பெனால்டி அடிச்சுப் பாக்கறேன்னு நின்னேன். டில்லி பந்து பொறுக்கிப் போட்டான். நாலு அடிச்சேன். ஒன்னு உள்ள போச்சு. மத்தது எல்லாம் ஆளுங்க உக்கார்ற ஸ்டேண்டு பக்கம். அட, ஷூ புதுசு. கம்பெனிக்காரன் அன்னிக்குத்தான் குடுத்தான், கால்ல உக்காரவே இல்ல. டில்லி ஓடி ஓடிப் பந்த எடுத்தாந்துட்டு, 'போலாமாண்ணா, இருட்டப் போவுது'ன்னான். எங்க இருட்டிச்சு? மணி ஆறுகூட ஆவல. சரின்னு வந்துட்டோம்.

இன்னொன்னும் சொல்லிடறேன், பின்னால எவனாவது உங்கிட்ட வந்து வேற மாதிரி சொல்லுவான். பெரம்பூர்ல ஒரு கடையில ஒரு டீ ஷர்ட் பிரிண்ட் பண்ணிருந்தேன். ஜெர்சிக்கு உள்ள போட்டுக்கறது. 'நன்றி வியாசர்பாடி'ன்னு மேல எழுத்து, கீழ என் மூஞ்சி. ஜெயிக்கற கோல அடிச்சுட்டு ஜெர்சியத் தூக்கிக் காட்டணும். எல்லோ கார்டு குடுப்பான், குடுத்துட்டுப் போறான். அடுத்த நாள் பேப்பர்ல எந்த போட்டோ வரும்ன்ற? ஏரியாவே நாப்பது ஷேர் ஆட்டோ புடிச்சு வந்து உக்காந்திருக்கு, அதுங்களுக்கு நான் எதுனா செய்ய வேணாமா? இதப் போய் ஆணவம்ன்றானுங்க.

மேட்ச்சு நேரு ஸ்டேடியத்துல. எதிர்ல கோவாக்காரனுங்க டீம் ஒன்னு. மொத பாதியில நாங்க ஒன்னு போட்டோம். ரெண்டாவது பாதியில எங்க கீப்பரு கார்னர்ல பந்தப் புடிக்கறேன்னு காத்தப் புடிச்சான், ஒன்னுக்கு ஒன்னு ஆயிடுச்சு. அந்தக் கீப்பரப் பத்திப் பேச ஆரம்பிச்சா உன் ஸ்லாட்டு முடிஞ்சிடும். தொண்ணூறு நிமிஷம், அதுக்கு மேல முப்பது நிமிஷம். சித்திர மாசத்து வெக்க. யாரும் அடிக்கல. பெனால்டிக்குப் போச்சு.

இங்கதான் நீ கவனமாக் கேக்கணும். இங்கதான் எல்லாரும் பீலா உட்றானுங்க.

நடுக் கிரவுண்டுல எல்லாரும் உழுந்து கெடக்கறோம். வர்கீஸ் சார் நோட்டுல இருந்து ஒரு பேப்பரக் கிழிச்சுக்கினு வர்றாரு. அஞ்சு பேரு. மொதல்ல என் பேரு. 'எபி, ஃபர்ஸ்ட் நீ போகணும். நீ ஒன்னு போட்டா பிள்ளைங்களுக்கு தைரியம் வரும்'ன்றாரு. நான் அவர் கைல இருந்த பேனாவ வாங்கினேன். மேல இருந்த என் பேர அடிச்சேன். கீழ, அஞ்சாவதா எழுதினேன்.

நீயே சொல்லு. மொத கிக்கு அடிச்சவன எவனாவது ஞாபகம் வச்சிருக்கானா? அஞ்சாவதுதான் கேப்டன் கிக்கு. அதுலதான் மேட்ச்சு முடியும். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அதத்தான் கேட்டு வாங்குவான். வர்கீஸ் சார் மெதுவாச் சொன்னாரு, 'எபி, அஞ்சாவது வராமலே போகும்.' 'வர வைக்கறது பசங்க வேலை, அடிக்கறது என் வேலை'ன்னேன். மனுஷன் பேப்பர மடிச்சுக்கினாரு. அவ்ளோ உறுதியா இருந்தா என் கைல இருந்து பேனாவப் புடுங்கியிருக்கணும்ல? கோச்சுன்னா அதுக்குத்தான சம்பளம்?

லிஸ்ட்ல இருந்த ஒருத்தன் அந்த நேரம் பாத்துத் தொடையப் புடிச்சுக்கினு கத்த ஆரம்பிச்சுட்டான், கிராம்ப்பு. நாலாவது எடம் காலி. 'யாருடா போறீங்க?'ன்னு கேட்டேன். நீ பாத்திருக்கணும் தம்பி. ஒரே நேரத்துல எல்லாருக்கும் ஷூ லேஸ் அவுந்துடுச்சு. ஒருத்தன் தலை நிமிரல. எல்லாம் ஜகா வாங்கற கும்பல். இவனுங்கள வச்சுக்கினுதான் நான் பெரிய லீக்குக்குப் போறதுக்கு இருந்தேன். நாலாவதுல டில்லி பேர எழுதினேன். ஏன்னா அவன் மட்டும்தான் மாட்டேன்னு சொல்லத் தெரியாதவன். கிளப்புக்கு அவன் அதுக்கு முன்னாடி ஒரு பெனால்டிகூட அடிச்சது இல்ல. அதுக்கு? பன்னெண்டு கெஜம், ஒரு பந்து, ஒரு கீப்பரு. இதுல பழக இன்னா இருக்கு?

அவனுங்கதான் மொதல்ல அடிச்சானுங்க. போட்டான். நாங்க போட்டோம். ரெண்டாவது போட்டான். எங்க ஃபாரினரு போனான், மாசத்துக்கு எங்க அஞ்சு பேரு சம்பளம் அவனுக்கு மட்டும். நேரா கோல் போஸ்ட்டு மேலயே கொண்டு போய் வச்சான், உள்ள போவல. மூணாவது ரெண்டு பேருமே போட்டாங்க. நாலாவது அவன் போட்டான். நாலுக்கு ரெண்டு. இப்ப டில்லி. இவன் உட்டா அதோட முடிஞ்சுது.

இன்னா? ... அப்ப டில்லி போட்டிருந்தாலும், நான் அஞ்சாவது போட்டா சமம்தான ஆவும்ன்றியா? அதுவும் கோவாக்காரன் அவனோட அஞ்சாவத உட்டாத்தான்றியா? ஆமா. சமம்தான் ஆவும். ஜெயிக்கற கோல் இல்ல. அதுக்கு இன்னா இப்ப? கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவன்ற புத்திய இங்க காட்றியா? அந்த நேரத்துல அங்க எவனும் கூட்டிக் கழிச்சுக்கினு நிக்கல.

டில்லி நடந்து போனான். பத்து அடி போயிருப்பான். திரும்பி வந்தான். மொத்த ஸ்டேடியமும் பாக்குது, திரும்பி வர்றான்! எங்கிட்ட வந்து நின்னு, 'அண்ணா, நீ போண்ணா. நான் அஞ்சாவது அடிக்கறேன். ரெஃப்ரிக்கு லிஸ்ட்டெல்லாம் கெடையாதுண்ணா, யாரு வேணா போலாம்'ன்னான். சட்டப்படி கரெக்டுதான். லிஸ்ட்டு நமக்கு நாமே எழுதிக்கறது, ரெஃப்ரி கேக்க மாட்டான். ஆனா டீம்னா ஒரு ஒழுங்கு வேணாமா? எவன் எப்ப வேணா போலாம்னா அது டீமா, டீக்கடையா?

'லிஸ்ட்டுனா லிஸ்ட்டு. போடா'ன்னேன்.

அவன் உடனே போவல. என் மூஞ்சியக்கூடப் பாக்கல, கீழயே பாத்துக்கினு நின்னான். எதப் பாத்தானோ. அப்புறம் 'சரிண்ணா'ன்னுட்டு என் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனான். எனக்குத் தட்றான்! கேப்டனுக்கு! எவ்ளோ திமிரு இருக்கணும்?

போனான். வச்சான். அடிச்சான். பந்து பாருக்கு மேல போச்சு. சும்மா கொஞ்சம் மேல இல்ல, ரெண்டாவது மாடில உக்காந்திருந்தவன் புடிச்சான். கோவாக்காரனுங்க எங்களத் தாண்டி ஓடினானுங்க. நான் நின்ன எடத்துலயே நின்னேன். என் கிக்கு எனக்கு வரவே இல்ல.

டிவிக்காரன் மைக்க நீட்டினான். 'நான் அஞ்சாவது கிக்குக்கு ரெடியா இருந்தேன், பசங்க மேட்ச்ச எங்கிட்டக் கொண்டாந்து சேக்கல'ன்னேன். உண்மையத்தான சொன்னேன்? அத ராத்திரி முழுக்கப் போட்டானுங்க. மறுநாள் லிஸ்ட்டு யாரு போட்டதுன்னு கேட்டாங்க. கோச்சு பேப்பரு, கோச்சு பேனா, கோச்சு சொன்னதுன்னேன். வர்கீஸ் சாரும் ஆமான்னுட்டு ரயிலேறிட்டாரு. அந்தாளுக்கும் முதுகெலும்பு கெடையாது.

கிளப் ஓனரு சொன்ன மாதிரியே மூடிட்டான். மூணு மாசத்துல போர்டக் கழட்டிட்டானுங்க. எனக்கு ஒன்னும் பெருசா போவல, வயசாயிடுச்சு, எப்படியும் நிறுத்தறதுதான். மத்தவனுங்க அங்க இங்க ஒட்டிக்கினானுங்க. டில்லிதான் மாட்டினான். எந்த கிளப்பும் எடுக்கல. பழைய ஆபீஸுக்குப் போய் நின்னான், ராஜினாமா குடுத்தா குடுத்ததுதான்னு அனுப்பிட்டாங்க. ஏரியால அவனுக்கு ராக்கெட் டில்லின்னு பேரு வச்சாங்க. நான் வைக்கல. ஒரு கல்யாணத்துல நான் ஒரு வாட்டி சொன்னேன், அத எல்லாரும் புடிச்சுக்கினாங்க. எவனோ குடிச்சுட்டு அவன் ஊட்டு மேல கல்லு உட்டான், ஓடு ஒடஞ்சு உள்ள உழுந்துச்சாம். உள்ள பச்சக் கொழந்த, பொறந்து பத்து நாளு. கொழந்த மேல படல. அதெல்லாம் தப்புதான். நான் தப்பு இல்லன்னு சொல்லல.

போய்ப் பாத்தீங்களான்னு கேக்கறியா? நான் எதுக்குப் போவணும்? தோக்கடிச்சவன்தான் வந்து மன்னிப்புக் கேக்கணும். நான் காத்துக்கினு இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன், ரெண்டு வருஷம் பாத்தேன், வரல. அவன் தண்ணி லாரி ஓட்டப் போயிட்டான். காலைல ஏரியாப் பொண்ணுங்களுக்கு இலவசமா கோச்சிங் வேற. வழியில என்னைப் பாத்தா லாரிய ஸ்லோ பண்ணி, 'வணக்கண்ணா, சாப்ட்டியா?'ன்னுவான். இன்னா நடிப்பு! மனசுக்குள்ள வச்சுக்கினு வெளில வணக்கம் வைக்கறவன நான் எப்பவும் நம்ப மாட்டேன். ஒரு நாளு என்னைக் கிழிக்கப் போறான், அதுக்குத்தான் இப்படிப் பொறுமையா இருக்கான்னு எனக்குத் தெரியும். தயாரா இருந்தேன். அவன் இன்னா கேட்டா நான் இன்னா சொல்லணும்னு எல்லாம் மனசுல வச்சிருந்தேன். குளிக்கறப்ப எல்லாம் அவனுக்குப் பதில் சொல்லிக்கினு இருப்பேன்.

இந்தப் பொங்கல் வரைக்கும் கேக்கல.

எங்க ஏரியால மாட்டுப் பொங்கல்னா மேட்ச்சுதான். காலைலருந்து சின்னப் பசங்க, சாயங்காலம் பெருசுங்க. இந்த வருஷம் எண்ணூர் எஃப்.சி. ஆடினவங்க எல்லாரும் ஒரு டீமா ஆடணும்னு நோட்டீஸ் போட்டுட்டானுங்க. நான் மாட்டேன்னேன். ஊட்டு வாசல்ல வந்து நின்னுட்டானுங்க. சரின்னு போனேன். டில்லிய கேப்டனாப் போட்டிருந்தானுங்க. லாரி டிரைவரு கேப்டன், நான் அவனுக்குக் கீழ. பல்லக் கடிச்சுக்கினு ஆடினேன்.

ரெண்டுக்கு ரெண்டு. கடைசி நிமிஷம். எதிர் டீமுல எவனோ எங்க ஆளு கால வாரி உட்டான், ரெஃப்ரி பெனால்டி குடுத்துட்டான். கிரவுண்ட சுத்தி ஆயிரம் பேரு இருக்கும், மொட்ட மாடில எல்லாம் பொம்பளைங்க. டில்லி போய்ப் பந்த எடுத்தான். நேரா எங்கிட்டக் கொண்டாந்தான். ரெண்டு கையாலயும் குடுத்தான். 'நீ அடிண்ணா'ன்னான்.

ஏளனமா சொல்றானான்னு அவன் மூஞ்சியப் பாத்தேன். இல்ல. அவன் நெசமாத்தான் குடுக்கறான். சுத்தி எபி, எபின்னு கத்துதுங்க. நான் பந்த வாங்கினேன். கொண்டு போய்ப் புள்ளில வச்சேன். நாலு அடி பின்னால வந்தேன்.

முட்டி புடிச்சுக்கிச்சு.

நெசமாத்தான். எனக்கு அந்த முட்டில பழைய அடி இருக்கு, டாக்டர் சீட்டு வேணா காட்றேன். அப்படியே தரையில உக்காந்துட்டேன். எங்கயோ ஒருத்தன் சிரிச்சான். ஒடனே டில்லி கையத் தூக்கிக்கினு, 'அண்ணனுக்கு முட்டி புடிச்சுக்கிச்சு, தண்ணி கொண்டாங்கப்பா'ன்னு கத்திக்கினே ஓடியாந்தான். என் கைய அவன் தோள்ல போட்டுக் கோட்டுக்கு வெளில உக்கார வச்சான். அப்புறம் போய் அந்தப் பெனால்டிய அவனே அடிச்சான். மூலையில, தரையோட. கோலு.

பெரிய கோலு! அந்தக் கீப்பருக்கு என்னைவிடத் தொப்ப. குனிஞ்சா நிமிர மாட்டான். அதுக்குப் போய் டில்லியத் தோள்ல தூக்கிக்கினு தெருத் தெருவா சுத்தினானுங்க. ராக்கெட்டுன்னு கத்துன அதே வாயிங்க.

நான் ஒருத்தனா உக்காந்திருந்தேன். சுகுணா தண்ணி கொண்டாந்துச்சு. பத்து வருஷத்துல அந்தப் பொண்ணு மூஞ்சிய நான் நேராப் பாத்தது இல்ல. சரி, ஆரம்பிக்கப் போவுது, வேலை போனது, ஓடு ஒடஞ்சது, எல்லாத்தையும் சேத்து வச்சுக் கேக்கப் போவுதுன்னு நெனச்சேன். 'நான் இருக்கேன்ல'ன்னு சொன்னியேண்ணா, எங்க இருந்தன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு மட்டும் எங்கிட்டப் பதில் இல்ல. மத்ததுக்கெல்லாம் இருந்துச்சு.

அது பக்கத்துல உக்காந்துச்சு. கொரலத் தாழ்த்திச் சொல்லுச்சு. 'அண்ணா, நீங்க சங்கடப்படாதீங்க. எனக்குத் தெரியும். அன்னிக்கு ஸ்டேடியத்துலருந்து வந்தவுடனே அவரு எங்கிட்ட சொல்லிட்டாரு. அண்ணனுக்கு ரெண்டு கையும் நடுங்கிக்கினு இருந்துச்சு சுகுணா, அண்ணன் போயிருந்தா கண்டிப்பா உட்டிருப்பாரு, காலம் பூரா அந்தப் பேரோட அவரால இருக்க முடியாது, நான்னா தாங்கிக்குவேன், அதான் ரெண்டாவது வாட்டி கேக்காமப் போயிட்டேன்னாரு. யார்கிட்டயும் சொல்லிடாதன்னாரு. நான் எங்க அம்மாகிட்டகூட சொன்னதில்லண்ணா.'

சொல்லிட்டு, கிளாஸ வாங்கிக்கினு எழுந்து போயிடுச்சு. கோவமாகூட சொல்லல.

பாத்தியா திமிர? பாத்தியா? எவன்டா உங்கிட்டப் பிச்ச கேட்டான்? கை நடுங்குச்சாம். நடுங்கியிருக்கும்யா. நூத்தி இருவது நிமிஷம் வெய்யில்ல ஓடினா எவனுக்கும் நடுங்கும். அதுக்குப் பேரு பயமா? என்னைப் பாத்தா பயந்தவன் மாதிரியா இருக்கு? கல்லு உட்டப்ப வாயத் தொறந்திருக்கலாம்ல அவன்? பச்சக் கொழந்தையத் தூக்கிக்கினு மாமியா ஊட்டுக்குப் போனப்ப சொல்லியிருக்கலாம்ல, நான் வேணாம்னேன், அவன்தான்டா தள்ளி உட்டான்னு? நான் டிவில பேசினதப் பாத்துக்கினு எப்படிடா சும்மா இருந்த? திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். சட்டையப் புடிச்சிருந்தா நானும் புடிச்சிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். பத்து வருஷம் நான் எவனுக்குப் பதில் தயார் பண்ணிக்கினு இருந்தேன் சொல்லு? அந்தாளு எங்கிட்ட எதுவும் கேக்கவே இல்லியே.

இப்ப ரெண்டு மாசமா அந்தத் தெரு வழியா போறதில்ல நான். லாரி சத்தம் கேட்டா கடைக்குள்ள நுழைஞ்சுக்கறேன். எனக்கு அவனப் பாக்கப் புடிக்கல, அவ்ளோதான். வெக்கம் இல்ல. எதுக்கு வெக்கம்?

இன்னா அப்படிப் பாக்கற? உன் மூஞ்சியும் அந்த சுகுணா மூஞ்சி மாதிரி ஆவுது, வேணாம். உங்க ஆளுங்க கீழ வண்டிய நிறுத்தறானுங்க, சத்தம் கேக்குது பாரு. தம்பி, ஒன்னு. இப்ப நான் சொன்னத அவனுங்ககிட்டப் போய்ச் சொல்லிக்கினு இருக்காத. கையி, நடுங்கறது, அந்தக் கதையெல்லாம். வெளில போச்சுன்னா டில்லி பேருதான் கெட்டுப்போவும். எனக்கொன்னும் இல்ல. அவனுக்காகத்தான் சொல்றேன்.